இணையம் தள்ளாடும்போது ரிமோட் டெஸ்க்டாப்: திரை அமைப்புகளுக்கு முழுமையான வழிகாட்டி

மாதம் 20ஆம் தேதி இரவு. ஜிஎஸ்டி 3பி தாக்கலுக்குக் கடைசி நாள். இந்தப் பக்கம் வீட்டு லேப்டாப்பும் கைபேசி ஹாட்ஸ்பாட்டும். அந்தப் பக்கம், ரிமோட் டெஸ்க்டாப் வழியாக இங்கிருந்தே இயக்கும் அலுவலகக் கணினியில், கணக்கு மென்பொருளான டேலி. 45800 என்று அடித்தால் திரையில் ஒன்றும் வரவில்லை. விரல் சரியாகப் படவில்லையோ என்று இன்னொரு முறை அடிக்கிறோம். இரண்டு வினாடி கழித்து எல்லா எண்களும் ஒரே கொத்தாக வந்து விழுகின்றன. கட்டத்தில் இப்போது 4580045800.

இந்த நிலையில் பலரும் முதலில் தேடிப்போவது வண்ணத்தைக் குறைக்கும் அமைப்பை. இன்றைய விண்டோஸில் அதனால் கிடைக்கும் பலன் மிகக் குறைவு, சில சமயம் நிலைமை மோசமாகவும் ஆகும். சரியான வரிசை இதுதான்: முதலில் கோளாறு என்னவென்று அளந்து பார்ப்பது, பிறகு பிக்சல்களைக் குறைப்பது, அடுத்து திரையில் தேவையில்லாமல் அசைபவற்றை நிறுத்துவது, அதற்கடுத்து அதே கம்பியில் ஏறிக்கொண்டிருக்கும் மற்ற சுமைகளை இறக்குவது. வண்ணம் கடைசியில்தான். இங்கே சொல்வதெல்லாம் விண்டோஸுடனேயே வரும் ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷனுக்கு. மற்ற மென்பொருள்களுக்குப் பின்னால் தனியாகச் சில வரிகள் உண்டு.

படி 1: இணைப்புக்கு என்ன கோளாறு என்று பாருங்கள்

'நெட் ஸ்லோ' என்று நாம் சொல்வதற்குள் மூன்று வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. ஒன்று, வேகம் போதாமை: ஒரு வினாடியில் போகக்கூடிய தரவு குறைவு. இரண்டு, தாமதம்: நீங்கள் அழுத்திய விசை அந்தப் பக்கம் போய், அதன் விளைவு திரும்பி வர ஆகும் நேரம். மூன்று, இழப்பு: தரவு துண்டு துண்டாகப் போகும் பாக்கெட்டுகள் வழியில் தொலைந்து, மறுபடி அனுப்பப்படுவது.

திரை அமைப்புகள் முதல் கோளாறை நேரடியாகத் தீர்க்கும். மூன்றாவதன் வலியைக் குறைக்கும், ஏனென்றால் அனுப்புவது குறைந்தால் தொலைவதும் குறையும். இரண்டாவதில் ஓரளவுக்கு மேல் அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. சென்னையிலிருந்து அமெரிக்கக் கிழக்குக் கரையில் இருக்கும் சர்வருக்குப் போய்வர 200 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். புவிநிலைச் செயற்கைக்கோள் இணைப்பு என்றால் 35,786 கிலோமீட்டர் உயரத்துக்குச் சமிக்ஞை ஏறி இறங்கி, அதே வழியில் பதிலும் வர வேண்டும். பயணத்துக்கே ஏறக்குறைய அரை வினாடி போய்விடும். வால்பேப்பரை எடுத்தால் அந்தத் தூரம் குறைந்துவிடாது.

அளப்பதற்கு, ஒரு சிறு பாக்கெட்டை அனுப்பிப் பதில் வர ஆகும் நேரத்தைக் காட்டும் பிங் கட்டளை போதும். கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து மூன்று இடங்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் 100 முறை பிங் அனுப்புங்கள். எண்ணிக்கையைச் சொல்ல 'என்' சுவிட்ச் இருக்கிறது. முதலில் உங்கள் ரூட்டர். அதன் முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. அடுத்து 8.8.8.8 போன்ற ஒரு பொது முகவரி. கடைசியாக விபிஎன் (இணையத்தின் வழியே அலுவலக நெட்வொர்க்குக்குப் போகும் பாதுகாப்பான தனிப்பாதை) வழியாக அலுவலகக் கணினி. விண்டோஸ் ஃபயர்வால் வழக்கமாகவே பிங்குக்குப் பதில் சொல்லாது. ஆகவே கடைசி இடத்திலிருந்து பதில் வராவிட்டால் கணினி அணைந்து கிடக்கிறது என்று முடிவுகட்டாதீர்கள். அங்குள்ள ரூட்டருக்கு பிங் அடித்துப் பாருங்கள்.

சராசரியை மட்டும் பார்ப்பது போதாது. 60 மில்லி செகண்டில் சீராக வரும் இணைப்பில் வேலை சுகமாக ஓடும். சராசரி 60 ஆகவே இருந்தாலும் 25க்கும் 400க்கும் இடையில் குதித்துக்கொண்டிருந்தால் கர்சர் தவளைபோல்தான் நகரும். 100க்குக் கீழே சீராக இருந்தால் பிரச்சினை தாமதத்தில் இல்லை. 150ஐத் தாண்டினால் தட்டச்சில் இழுவை தெரியும். 250க்கு மேல் மவுஸை நம்பி வேலை செய்வது களைப்பைத்தான் தரும். 100இல் ஒன்றிரண்டு தொலைந்தாலே திரை அவ்வப்போது உறையும்.

ரூட்டருக்கான பிங்கே 5 மில்லி செகண்டைத் தாண்டிக் குதித்தால் கோளாறு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வைஃபையை விட்டுவிட்டு லேன் கேபிளைச் செருகுங்கள். கேபிளுக்கு வழியில்லை என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். கைபேசி இணையம் என்றால் ஹாட்ஸ்பாட்டுக்குப் பதிலாக யுஎஸ்பி டெதரிங் போடுங்கள். காற்றில் கடக்க வேண்டிய தூரத்தில் ஒரு கட்டம் குறையும், பேட்டரியும் இறங்காது. கைபேசியை ஜன்னலோரம் வைப்பது சின்ன விஷயம்தான், ஆனால் கான்கிரீட் சுவருக்கு உள்ளே வைப்பதற்கும் ஜன்னலில் வைப்பதற்கும் இருக்கும் வித்தியாசம் பிங் எண்களிலேயே தெரியும்.

இதில் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. உங்கள் லேப்டாப்புக்கு வரும் படம் அலுவலக இணைப்பின் அப்லோட் வழியாகத்தான் வருகிறது. வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இருந்தாலும், அலுவலகத்தில் பழைய செப்புக்கம்பி ஏடிஎஸ்எல் இணைப்பு இருந்து, அதன் அப்லோட் 512 கேபிபிஎஸ் என்றால், உங்களுக்குக் கிடைப்பது அந்த 512தான். வேகச் சோதனையை வீட்டில் மட்டும் ஓட்டிவிட்டு 'எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது' என்று குழம்பாதீர்கள். அலுவலகப் பக்கத்து அப்லோட் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அங்கே சிசிடிவி காட்சிகள் கிளவுடுக்கு ஏறிக்கொண்டிருந்தால் உங்கள் பங்கு இன்னும் சுருங்கும்.

படி 2: பிக்சல்களைக் குறையுங்கள்

மொத்த வேலையில் பாதிப் பலன் இந்தப் படியில் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். 1920×1080 திரையில் 20,73,600 பிக்சல்கள். பிக்சலுக்கு 32 பிட் என்றால் ஒரு முழுத்திரை, சுருக்காமல், 66 மெகாபிட்டுக்குச் சற்று மேல். 2 எம்பிபிஎஸ் இணைப்பில் அதை அனுப்ப 33 வினாடி ஆகும். ரிமோட் டெஸ்க்டாப் தரவைச் சுருக்கி, மாறிய பகுதியை மட்டுமே அனுப்புகிறது. அதனால்தான் நாம் பிழைக்கிறோம். ஆனால் ஒரு ஜன்னலை மூடி இன்னொன்றைத் திறக்கும்போதும், பெரிய எக்ஸெல் தாளை உருட்டும்போதும், ஏறக்குறைய முழுத்திரையும் மாறுகிறது. அந்த நொடியில்தான் தொங்கல் வருகிறது. 1366×768இல் பிக்சல்கள் 10,49,088, அதாவது கிட்டத்தட்ட சரிபாதி. 1280×720இல் 9,21,600. லேப்டாப் 4கே திரை கொண்டது என்றால் முழுத்திரையில் இணைவது ஃபுல் எச்டியைப் போல் நான்கு மடங்குச் சுமை.

செய்முறை:

1. விண்டோஸ் விசையையும் 'ஆர்' விசையையும் சேர்த்து அழுத்தி, எம், எஸ், டி, எஸ், சி (mstsc) என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளை அடித்து என்டர் தட்டுங்கள். ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷன் திறக்கும்.
2. கீழே இடது மூலையில் 'ஷோ ஆப்ஷன்ஸ்' அம்புக்குறியை அழுத்துங்கள். இதை அழுத்தாதவரை கணினிப் பெயர் கேட்கும் பெட்டி மட்டுமே தெரியும். எத்தனையோ பேர் வருடக்கணக்கில் இந்த அம்புக்குறியைப் பார்க்காமலே பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள்.
3. 'டிஸ்ப்ளே' தாவலுக்குப் போங்கள். அங்கிருக்கும் ஸ்லைடர் வலது கோடியில் 'ஃபுல் ஸ்கிரீன்' என்று நிற்கும். அதை இடப்பக்கம் இழுத்து 1366×768 அல்லது 1280×720க்குக் கொண்டுவாருங்கள்.
4. 'யூஸ் ஆல் மை மானிட்டர்ஸ்' டிக்கை எடுத்துவிடுங்கள். இரண்டு திரை என்றால் இரட்டிப்புச் சுமை.

நீங்கள் கேட்கும் அளவு ஸ்லைடரில் இல்லையென்றால், அந்த ஐந்தெழுத்துக் கட்டளையோடு சாய்கோடு, டபிள்யூ, கோலன் போட்டு அகலத்தையும், சாய்கோடு, ஹெச், கோலன் போட்டு உயரத்தையும் ரன் பெட்டியிலேயே கொடுக்கலாம்.

இந்த அளவை இணைவதற்கு முன்பே அமைத்துவிட வேண்டும். உள்ளே போன பிறகு அலுவலகக் கணினியின் டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்தால், ரிமோட் இணைப்பிலிருந்து மாற்ற முடியாது என்ற செய்தியோடு எல்லாம் மங்கலாக நிற்கும். அது கோளாறு அல்ல, வடிவமைப்பே அப்படி. இணைப்பைத் துண்டித்து, அளவை மாற்றி, மறுபடி இணையுங்கள். திறந்திருந்த டேலியும் எக்ஸெலும் அப்படியே இருக்கும், ஜன்னல்கள் மட்டும் புதிய அளவுக்கு ஏற்ப இடம் மாறியிருக்கும்.

மேக்கில் 'விண்டோஸ் ஆப்' பயன்படுத்துபவர்கள், இணைப்பைத் திருத்தும் இடத்தில் டிஸ்ப்ளே பகுதியில் ரெடினா திரைக்கான டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். அது நீளத்திலும் அகலத்திலும் பிக்சலை இரட்டிப்பாக்குகிறது.

படி 3: எக்ஸ்பீரியன்ஸ் தாவல்

அதே பெட்டியில் 'எக்ஸ்பீரியன்ஸ்' தாவல். மேலே இருக்கும் பட்டியலில் வழக்கமாக 'டிடெக்ட் கனெக்‌ஷன் குவாலிட்டி ஆட்டோமேட்டிக்கலி' தேர்வாகி இருக்கும். நல்ல இணைப்புக்கு அதை அப்படியே விட்டுவிடலாம். ஏறி இறங்கும் கைபேசி இணைப்புக்கு அது சரிவராது. சிக்னல் நன்றாக இருக்கும் நேரத்தில் இணைந்தால் அலங்காரங்களையெல்லாம் அனுமதித்துவிடும், பிறகு சிக்னல் விழும்போது நீங்கள்தான் திண்டாட வேண்டும். அது தேர்வாகி இருக்கும்வரை கீழே உள்ள அலங்கார டிக்குகளை உங்கள் இஷ்டத்துக்கு மாற்றவும் முடியாது. 'டிக் மங்கலாக இருக்கிறதே' என்ற சந்தேகத்துக்குப் பதில் இதுதான்.

பட்டியலில் 'லோ ஸ்பீட் பிராட்பேண்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது 256 கேபிபிஎஸ் முதல் 2 எம்பிபிஎஸ் வரைக்கானது. உங்கள் இணைப்பு 10 எம்பிபிஎஸ் காட்டினாலும் நிலையில்லாதது என்றால் இதையே தேர்ந்தெடுங்கள். இந்தப் பட்டியல் உங்கள் வேகத்தைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை; எந்த அலங்காரங்களைக் கேட்பது என்பதை மட்டுமே முடிவு செய்கிறது. 'மோடம்' என்ற 56 கேபிபிஎஸ் தேர்வு எல்லா அலங்காரத்தையும் உரித்துவிடும். இப்போது டிக்குகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

'டெஸ்க்டாப் பேக்கிரவுண்ட்': வால்பேப்பர். எடுத்துவிடுங்கள். புகைப்படம் சுருங்காது. ஒரே நிறப் பின்னணி என்றால் 'இந்தப் பரப்பு முழுக்க இந்த நிறம்' என்று மிகச் சில பைட்டுகளில் சொல்லிவிடலாம். ஜன்னலை மினிமைஸ் செய்யும் ஒவ்வொரு முறையும் இந்த வித்தியாசம் தெரியும்.

'ஷோ விண்டோ கன்டென்ட்ஸ் வைல் டிராகிங்': ஜன்னலை இழுக்கும்போது உள்ளிருப்பதெல்லாம் கூடவே நகர்வது. இதையும் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். இது இருந்தால் ஒரு ஜன்னலைத் திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு இழுப்பதற்குள், வழியிலுள்ள ஒவ்வொரு நிலையும் ஒரு படமாகக் கிளம்பி வரிசையில் நிற்கும். எடுத்துவிட்டால் வெறும் சட்டம் நகரும், விட்ட இடத்தில் ஒரே முறை வரையப்படும்.

'மெனு அண்ட் விண்டோ அனிமேஷன்': எடுத்துவிடுங்கள். உள்ளூரில் அழகாக விரியும் மெனு, இணையத்தில் ஐந்தாறு துண்டுகளாகத் தடுமாறி வரும்.

'டெஸ்க்டாப் காம்போசிஷன்', 'விஷுவல் ஸ்டைல்ஸ்': முதலாவதை எடுத்துவிடலாம். விண்டோஸ் 8க்குப் பிறகு அந்தப் பக்கக் கணினியில் அதற்குப் பெரிய வேலையில்லை. இரண்டாவதால் சுமை மிகக் குறைவு, இருந்துவிட்டுப் போகட்டும்.

'ஃபான்ட் ஸ்மூத்திங்': எழுத்தின் ஓரங்களை மழுமழுப்பாக்க கிளியர்டைப் முறை ஓரத்தில் வண்ணச் சாயல் பிக்சல்களைத் தெளிக்கிறது. கறுப்பு-வெள்ளையாக இருந்த எழுத்து பலநிறப் படமாகிவிடுவதால் சுருக்குவது கடினம். ஆங்கில எண்களும் பெயர்களும் மட்டும் பார்க்கும் கணக்கு வேலைக்கு இதை எடுத்துவிடுங்கள். தமிழ் ஆவணத்தில் வேலை என்றால் அவசரப்பட வேண்டாம். 11 புள்ளி அளவில் ஸ்மூத்திங் இல்லாமல் 'ண'வையும் 'ன'வையும் சுழி எண்ணித்தான் பிரிக்க வேண்டியிருக்கும், 'ஞ' ஒரு கறையாகவே தெரியும். பிழைதிருத்தம் பார்ப்பவருக்கு அந்தச் செலவு தகும். மற்ற எல்லாவற்றையும் வெட்டிவிட்டு இதை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கீழே தனியாக இருக்கும் இரண்டு டிக்குகள், 'பெர்சிஸ்டென்ட் பிட்மேப் கேஷிங்', 'ரீகனெக்ட் இஃப் த கனெக்‌ஷன் இஸ் டிராப்டு'. இரண்டும் இருக்க வேண்டும். முதலாவது, ஒருமுறை வந்த ஐகான்களையும் படத்துண்டுகளையும் உங்கள் வட்டில் சேமித்து, அடுத்த முறை இணையத்தில் கேட்காமல் அங்கிருந்தே எடுக்கும். இரண்டாவது, இணைப்பு அறுந்தால் தானாக மறுபடி முயலும்: 5 வினாடிக்கு ஒரு முறை, அதிகபட்சம் 20 முறை. அறுந்ததும் பதறி ஜன்னலை மூட வேண்டாம், ஒன்றரை நிமிடம் பொறுத்திருங்கள்.

படி 4: கூடவே ஏறும் சுமைகளை இறக்குங்கள்

'லோக்கல் ரிசோர்சஸ்' தாவலில் ஒலிக்கான 'செட்டிங்ஸ்' பொத்தானை அழுத்தி 'டு நாட் ப்ளே' தேர்ந்தெடுங்கள். கணக்கு வேலைக்கு அறிவிப்பு மணி எதற்கு? அதே தாவலில் 'பிரிண்டர்ஸ்' டிக்கை எடுங்கள். அலுவலக டேலியிலிருந்து வீட்டுப் பிரிண்டருக்கு ஓர் இன்வாய்ஸ் அனுப்பினால், அந்த அச்சுக்கோப்பு முழுவதும் திரையின் படம் வரும் அதே இணைப்பில்தான் இறங்கும், அது முடியும்வரை திரை நகராது. அங்கேயே பிடிஎஃப் ஆகச் சேமித்து மின்னஞ்சலில் எடுத்துக்கொள்வது மேல்.

'மோர்' பொத்தானுக்குள் 'டிரைவ்ஸ்' டிக் இருந்தால் அதையும் எடுங்கள். அது இருந்தால் அந்தப் பக்கம் 'திஸ் பிசி'யைத் திறக்கும்போதெல்லாம் எக்ஸ்ப்ளோரர் உங்கள் வீட்டு வட்டுகளையும் இணையம் வழியாக எட்டிப்பார்க்கும். 'கிளிப்போர்டு' மட்டும் இருக்கட்டும், ஆனால் எழுத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள். 50 எம்பி கோப்பைக் காப்பி பேஸ்ட் செய்தால் நீங்களே உங்கள் பாதையை அடைத்துக்கொள்கிறீர்கள்.

உங்கள் பக்கத்திலும் கவனிக்க வேண்டியது உண்டு. செட்டிங்ஸில் அந்த வைஃபையின் பண்புகளுக்குள் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்பதை ஆன் செய்தால் விண்டோஸ் அப்டேட் போன்ற பெரிய பதிவிறக்கங்கள் பெரும்பாலும் அடங்கும். ஒன்டிரைவ் ஒத்திசைவை நிறுத்திவையுங்கள். ஹாட்ஸ்பாட் தரும் கைபேசியில் கூகுள் போட்டோஸ் படங்களை ஏற்றிக்கொண்டிருந்தால் உங்கள் விசையழுத்தங்கள் அந்தப் படங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். வேகம் எவ்வளவு இருந்தாலும் பிங் திடீரென்று 500, 600 என்று எகிறுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

குறைத்ததற்குப் பலன் இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டியதில்லை. உங்கள் கணினியில் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து 'நெட்வொர்க்' தாவலில் அந்த ஐந்தெழுத்து நிரலின் வரியைப் பாருங்கள். வினாடிக்கு எத்தனை பைட் வருகிறது என்று காட்டும். ஒரே எக்ஸெல் தாளை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே மாதிரி உருட்டி ஒப்பிடுங்கள்.

படி 5: அலுவலகக் கணினியின் பக்கம்

இவை ஒருமுறை செய்துவைத்தால் போதும். செட்டிங்ஸில் 'அக்சஸிபிலிட்டி', அதற்குள் 'விஷுவல் எஃபெக்ட்ஸ்'. அனிமேஷனையும் டிரான்ஸ்பரன்சியையும் அணையுங்கள். விண்டோஸ் 10இல் இவை வேறு இடங்களில் இருக்கும், தேடல் பெட்டியில் தேடினால் கிடைத்துவிடும். வால்பேப்பர் ஸ்லைடுஷோவாக இருந்தால் ஒரே நிறமாக்குங்கள். பிரவுசரில் அசையும் விளம்பரமோ தானாக ஓடும் காணொளியோ இருக்கும் டேபைத் திறந்தபடி விடாதீர்கள். ரிமோட் டெஸ்க்டாப் அந்த அசைவை முடிந்தவரை உங்களுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். இணையதளத்தைப் பார்க்க வேண்டுமென்றால் உங்கள் லேப்டாப்பின் பிரவுசரிலேயே பாருங்கள். உள் நெட்வொர்க்கில் மட்டும் திறக்கும் பக்கங்களுக்கு அங்கே போனால் போதும்.

அலுவலகக் கணினி விண்டோஸ் ப்ரோ என்றால், விண்டோஸின் உள் அமைப்புகளை மாற்ற உதவும் குரூப் பாலிசி எடிட்டர் இருக்கும். அதில் கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்போனென்ட்ஸ், ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ், ரிமோட் டெஸ்க்டாப் செஷன் ஹோஸ்ட், ரிமோட் செஷன் என்விரான்மென்ட் என்று இறங்குங்கள். அங்கே இரண்டு கொள்கைகள் பயன்படும். 'கான்ஃபிகர் கம்ப்ரெஷன் ஃபார் ரிமோட்எஃப்எக்ஸ் டேட்டா' என்பதை எனேபிள் செய்து, குறைந்த நெட்வொர்க் அகலத்துக்கான தேர்வைக் கொடுங்கள். நினைவகம் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், ஒருவர் மட்டும் இணையும் கணினிக்கு அது பொருட்டல்ல. ரிமோட்எஃப்எக்ஸ் அடாப்டிவ் கிராஃபிக்ஸின் படத்தரத்துக்கான கொள்கையில் 'லோ' கொடுங்கள். ஒன்றும் அமைக்காவிட்டால் அது மீடியமாக ஓடும். இதே பட்டியலில் 'ஏவிசி 444' முறைக்கு முன்னுரிமை தரும் கொள்கையை யாராவது எனேபிள் செய்திருந்தால் பழையபடி ஆக்கிவிடுங்கள். எழுத்து கூர்மையாகத் தெரிவதற்காக வந்தது அது, மெலிந்த இணைப்புக்கு ஆகாது. மாற்றியபின் மறுதொடக்கம் செய்துவிடுவது நல்லது. தொலைவிலிருந்து செய்கிறீர்கள் என்றால் ஷட் டவுனை அழுத்திவிடாதீர்கள், யாராவது நேரில் போய்த்தான் ஆன் செய்ய வேண்டியிருக்கும்.

படி 6: வண்ணம்

டிஸ்ப்ளே தாவலின் 'கலர்ஸ்' பட்டியலில் 15, 16, 24, 32 பிட் தேர்வுகள் உண்டு. 16க்கு இறக்கினால் தரவு பாதியாகும் என்பது சுருக்காத படத்துக்குப் பொருந்தும் கணக்கு. விண்டோஸ் 8க்குப் பிந்தைய ரிமோட் டெஸ்க்டாப்பின் நல்ல சுருக்கும் முறைகள் 32 பிட்டை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டவை. 16ஐக் கேட்டால் பழைய முறைக்குத் திரும்ப நேர்ந்து, மொத்தத் தரவு கூடிவிடவும் வாய்ப்பு உண்டு. இரண்டு பக்கமும் விண்டோஸ் 10 அல்லது 11 என்றால் 32இலேயே தொடங்குங்கள். அந்தப் பக்கம் பழைய விண்டோஸ் 7 அல்லது சர்வர் 2008 என்றால் 16 உதவக்கூடும். எதுவானாலும் ரிசோர்ஸ் மானிட்டரில் இரண்டையும் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். 24ஐத் தேர்ந்தெடுக்க நல்ல காரணம் ஏதும் இல்லை.

படி 7: அறுந்து அறுந்து வரும் இணைப்புக்கு

ரிமோட் டெஸ்க்டாப் 3389ஆம் போர்ட்டில் (கணினிக்குள் நுழையும் எண்ணிட்ட வாசல்) டிசிபி, யுடிபி என்ற தரவு அனுப்பும் முறைகள் இரண்டையும் பயன்படுத்தும். யுடிபி 2012இல் விண்டோஸ் 8உடன் வந்தது. பாக்கெட் தொலையும் கைபேசி இணைப்பில் யுடிபி பொதுவாக நல்லது, ஒரு பாக்கெட் தொலைந்ததற்காக டிசிபி மாதிரி எல்லாவற்றையும் நிறுத்தி வைக்காது. ஆனால் வழியில் இருக்கும் சில ரூட்டர்களும் விபிஎன்களும் யுடிபியை ஒழுங்காகக் கடத்துவதில்லை. அறிகுறி இது: இணைந்த சில நிமிடங்களுக்கு எல்லாம் நன்றாக ஓடும், பிறகு சில வினாடிகள் உறையும், மறுபடி ஓடும், பிங் மட்டும் சுத்தமாக இருக்கும். முழுத்திரையில் மேலே இருக்கும் நீலப்பட்டையில் சிக்னல் கோடுகள் போன்ற ஐகானை அழுத்தினால் இணைப்பின் தரமும் யுடிபி இயங்குகிறதா என்பதும் தெரியும். யுடிபி இயங்கி, உறைவும் இருந்தால், உங்கள் கணினியின் குரூப் பாலிசியில் ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷன் கிளையண்ட் பகுதியில் 'டர்ன் ஆஃப் யுடிபி ஆன் கிளையண்ட்' என்பதை எனேபிள் செய்து மறுபடி இணையுங்கள். உறைவு நின்றால் அப்படியே விடுங்கள், நிற்காவிட்டால் பழையபடி ஆக்குங்கள்.

விபிஎன் தனியாக ஒரு சிக்கல் தரும். கடவுச்சொல்லை ஏற்றுக்கொள்ளும், பிறகு கறுப்புத் திரையாக நின்று, சிறிது நேரத்தில் அறுந்துவிடும். சின்ன பாக்கெட்டுகள் கடந்து பெரியவை வழியில் விழுவதன் அடையாளம் இது. பிங்கில் துண்டாக்காதே என்று சொல்லும் 'எஃப்' சுவிட்சும் அளவைச் சொல்லும் 'எல்' சுவிட்சும் உண்டு. விபிஎன் வழியாக 1472 அளவில் தொடங்கி, பதில் வரும்வரை 20 20ஆகக் குறையுங்கள். பதில் வந்த எண்ணோடு 28ஐக் கூட்டினால் கிடைப்பதுதான் அந்தப் பாதை தாங்கும் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. விபிஎன் அமைப்பில் அதையோ அதைவிடச் சற்றுக் குறைவாகவோ கொடுங்கள். ஒயர்கார்டு என்ற விபிஎன் வழக்கமாக 1420இல் இயங்கும். கைபேசி இணைப்பில் அதை 1350 அல்லது 1280 ஆக்கினால் சரியாகிவிடுவது உண்டு. ஓப்பன்விபிஎன் டிசிபியில் ஓடிக்கொண்டிருந்தால் யுடிபிக்கு மாற்றுங்கள். டிசிபிக்குள் டிசிபி ஓடும்போது, தொலைந்த ஒரே பாக்கெட்டை இரண்டு அடுக்கும் போட்டிபோட்டு மறுபடி அனுப்பி, மெல்லிய பாதையை அவையே அடைத்துவிடும்.

வேகமாக இருக்கும் என்று நினைத்து விபிஎன்னை எடுத்துவிட்டு 3389ஐ நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். திறந்த அந்தப் போர்ட்டைத் தேடிக் கடவுச்சொல்லை ஊகித்துக்கொண்டிருக்கும் தானியங்கி நிரல்கள் இணையமெங்கும் உண்டு. கணக்குக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்பவர்கள் நுழையும் வாசல்களில் இது முக்கியமான ஒன்று.

அலுவலகக் கணினியின் பவர் அமைப்பில் ஸ்லீப்பை 'நெவர்' ஆக்குங்கள். கரண்ட் போய் வந்தால் தானாக எழுவதற்கு, பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) மின்சாரம் திரும்பியதும் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பை 'ஆன்' ஆக்குங்கள். ரூட்டருக்கும் சேர்த்து யுபிஎஸ் இல்லாவிட்டால் கணினி மட்டும் விழித்திருந்து பயனில்லை.

படி 8: இரண்டு கோப்புகளாகச் சேமியுங்கள்

'ஜெனரல்' தாவலில் கணினிப் பெயரைக் கொடுத்து 'சேவ் ஆஸ்' அழுத்தினால் மேலே செய்த அமைப்பெல்லாம் ஒரு கோப்பாகச் சேரும். 'அலுவலகம் - ஹாட்ஸ்பாட்' என்று மெலிந்த அமைப்புக்கு ஒன்று, 'அலுவலகம் - ஃபைபர்' என்று முழு அமைப்புக்கு ஒன்று. அன்றைய இணைப்பைப் பொறுத்து எது தேவையோ அதை இரட்டைக் கிளிக் செய்யுங்கள்.

மற்ற மென்பொருள்கள்

எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை அந்தப் பக்கத்து மானிட்டரில் இருப்பதையே படமெடுத்து அனுப்புகின்றன. ஆகவே அங்கே பிக்சலைக் குறைக்க அலுவலகக் கணினியின் உண்மையான ரெசல்யூஷனைத்தான் குறைக்க வேண்டும். உங்கள் ஜன்னலைச் சிறிதாக்கினால் மட்டும் போதாது. தர அமைப்பில் வேகத்துக்கு முன்னுரிமை தரும் தேர்வு இரண்டிலும் உண்டு. டீம்வியூவரில் வால்பேப்பரை நீக்கும் தேர்வும் இருக்கிறது. விஎன்சி என்றால் டைட் என்கோடிங், ஜேபெக் தரம் 3 அல்லது 4 என்று தொடங்கி, எழுத்து படிக்க முடிகிறதா என்று பார்த்து ஏற்றி இறக்குங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சிக்கல் என்றால்

எழுத்துகள் உடைந்து, பழைய ஜன்னலின் துண்டுகள் புதியதன் மேல் ஒட்டிக்கொண்டிருந்தால் பிட்மேப் கேஷ் கெட்டிருக்கிறது. இணைப்பை மூடிவிட்டு, உங்கள் பயனர் ஃபோல்டரில் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், டெர்மினல் சர்வர் கிளையண்ட், கேஷ் என்று போய் உள்ளிருக்கும் கோப்புகளை அழியுங்கள். ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர், எக்ஸ்ப்ளோரரில் மறைந்தவற்றைக் காட்டச் சொல்ல வேண்டும். அடுத்த முதல் இணைப்பு கொஞ்சம் மெதுவாக இருக்கும்.

தாமதம்தான் கோளாறு என்றால் கைப்பழக்கத்தை மாற்றுவதே மருந்து. மவுஸ் சக்கரத்தால் உருட்டாமல் பேஜ் டவுன் அழுத்துங்கள். சக்கரம் இருபது இடைநிலைப் படங்களைக் கிளப்பும், பேஜ் டவுன் ஒன்றே ஒன்றைத்தான். எக்ஸெலில் வெகுதூரம் போக எஃப்5 அழுத்திக் கட்டத்தின் பெயரைக் கொடுங்கள். டேலி ஏற்கெனவே விசைப்பலகைக்காரர்களின் மென்பொருள், அதில் மவுஸைத் தொடவே தேவையில்லை. நீளமான விவரங்களை உங்கள் லேப்டாப்பின் நோட்பேடில் அடித்து ஒரே பேஸ்ட்டாகப் போடுங்கள்.

திரை உறைந்துவிட்டால் எதையும் மறுபடி அடிக்காதீர்கள். நீங்கள் அழுத்திய விசைகள் தொலைந்திருக்க மாட்டா. வரிசையில் நின்று, வழி திறந்ததும் எல்லாம் சேர்ந்து போய்விழும். என்டர் இரண்டு முறை போனால் வவுச்சரும் இரண்டாகப் பதியும். பத்து வினாடி பார்த்துவிட்டு, கன்ட்ரோல், ஆல்ட், பிரேக் அழுத்தி முழுத்திரையிலிருந்து வெளியே வந்து இணைப்பு ஜன்னலை மூடிவிடுங்கள். அப்படி மூடுவது லாக் ஆஃப் ஆகாது. டேலி அந்தப் பக்கம் விட்ட இடத்திலேயே திறந்திருக்கும். மெலிந்த அமைப்புக் கோப்பைத் திறந்து மறுபடி உள்ளே போங்கள். அடுத்த எண்ணை அடிப்பதற்கு முன், கடைசியாக அடித்தது கட்டத்தில் ஒருமுறைதான் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள்.